அணிலும் தோட்டாவும்: குறியைச் சோதிக்காத துப்பாக்கியால் வரும் கேடு

அணில் இல்லாத தோட்டம் நம் நாட்டில் இல்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் லயத்தின் பின்புறத்து வாழைத் தோப்பிலும் அது தன் சொந்த வீட்டில் உலவுவது போல உலவுகின்றது. தலைநகரின் நடுவிலே, பிரிக்பீல்ட்ஸ் வீதியோர மரங்களிலும் கம்பிகளின் மேலும் அது ஓடித் திரிவதை அங்குச் செல்பவர் யாரும் காணலாம். நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்து அணிலின் முதுகில் மூன்று கோடுகள் உண்டு; இராமபிரான் தடவிக் கொடுத்த அடையாளம் என்று பாட்டிமார் கதை சொல்வர். இங்குள்ள அணிலுக்கு முதுகில் கோடு இல்லை. முதுகு பழுப்பு, வயிறு செம்பழுப்பு, விலாப்புறத்தில் மட்டும் வெளிர்நிறக் கோடு ஒன்றும் கறுப்புக் கோடு ஒன்றும் ஓடும். மலாய் மொழியில் இதனைத் துப்பாய் என்பர். நீண்ட மூக்குடன் தரையை மோப்பம் பிடித்துத் திரியும் வேறொரு பிராணிக்கும் அதே பெயர் வழங்குகின்றது. அஃது அணில் இனத்தைச் சேர்ந்ததன்று. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் வரும் தொல்லையைப் பின்னர்க் கூறுவோம்.

தோட்டங்களுக்குச் செல்லும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “அணில் தேங்காயையும் பழத்தையும் பாழாக்குகின்றதே, சுட்டுத் தள்ளினால் என்ன?” என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருப்பவர் அல்லர். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் அவர்களுடைய தோட்டத்துக்கு வார இறுதியில் வந்து போகின்றவராக இருப்பார். ஆகவே சுடுபவருக்கு மட்டுமின்றி, சுடும் இடத்துக்கு அருகே வேலை செய்பவருக்கும் இச்செய்தி தெரிந்திருத்தல் நலம்.

முதலில் அணில் செய்யும் சேதம் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். பால்மரத் தோட்டத்தில் அணில் ரப்பர் விதைகளைத் தின்னும். வளர்ந்த மரத்துக்கோ மங்கில் வடியும் பாலுக்கோ அதனால் சொல்லத்தக்க நட்டம் இல்லை. ஆகவே பால்மரக் காட்டில் அணிலைச் சுடுவதற்குப் பயிர்க்காப்பு என்ற காரணம் பொருந்தாது. தென்னையின் கதை வேறு. இளங்காயைக் கடித்துத் துளைத்து உதிர்த்துவிடும். கொக்கோவில் சேதம் இன்னும் அதிகம். பழுக்கும் காயைத் துளைத்து, உள்ளே கொட்டையைச் சுற்றியுள்ள இனிய சதையைத் தின்று, கொட்டைகளைச் சிந்திவிடும். ஒரு காயில் முப்பது நாற்பது கொட்டைகள் இருக்குமாதலால், நாளுக்குச் சில காய்கள் போனாலும் கணக்கில் தெரியும். மேற்குக் கரையோரத்தில் தென்னைக்கு ஊடே கொக்கோ பயிரிட்ட காலத்தில், பல தோட்டங்களில் அணிலைச் சுடுவதற்கென்றே ஆள் அமர்த்தினர். 1990ஆம் ஆண்டில் நம் நாட்டின் கொக்கோ விளைச்சல் 2 லட்சத்து 40 ஆயிரம் டன்னைத் தாண்டியிருந்தது. அதன் பின்னர் அப்பயிர் பெரிதும் சுருங்கிவிட்டது. பயிர் போனாலும், அணிலைக் கண்டால் துப்பாக்கியைத் தூக்கும் பழக்கம் சிலரிடம் எஞ்சி நிற்கின்றது.

சேதம் செய்தது அணில்தானா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். எலி செய்த குற்றத்துக்கு அணில் தண்டனை பெறுவது தோட்டங்களில் வழக்கமான நிகழ்ச்சி. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அணில் பகலில் மட்டுமே இரை தேடும். எலி இரவில் வரும். மாலையில் இருட்டும் முன் மரத்தில் துளைபட்ட காய்களை எண்ணிச் சுண்ணாம்பால் புள்ளி வைத்துவிடுங்கள். மறுநாள் விடிந்ததும் பாருங்கள். புதிய துளை இருந்தால் அஃது இரவில் வந்ததன் வேலை. காலையில் இல்லாத துளை மாலையில் இருந்தால் அணிலைச் சந்தேகிக்கலாம். ஒரு வாரம் இவ்வாறு பார்த்தால் போதும். துப்பாக்கி தேவையா, எலிப்பொறி தேவையா என்பது விளங்கிவிடும்.

ரவையின் கணக்கு

அணில் வேட்டைக்குப் பயன்படுவது ரவைத் துப்பாக்கி. குண்டு ஒன்றை மட்டும் செலுத்தும் இராணுவத் துப்பாக்கி அன்று இது. ஒரே வெடிப்பில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகளைத் தூவும் கருவி. நம் நாட்டில் பெரிதும் காணப்படுவது 12ஆம் எண் துப்பாக்கி. குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு ராத்தல் எடை வரும் என்பதே அவ்வெண்ணின் பொருள். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும்; 20ஆம் எண் துப்பாக்கியின் குழல் 12ஐ விடச் சிறியது. நடுவில் மடக்கித் தோட்டா இடும் அமைப்பு உடையதால் மலாய்க்காரர் இதனை ‘செனாப்பாங் பாத்தா’, அதாவது முறியும் துப்பாக்கி, என்பர்.

தோட்டாவுக்குள் நான்கு பொருள்கள் உள்ளன. அடியில் பொறி தட்டும் மூடி, அதன்மேல் வெடிமருந்து, அதன்மேல் அடைப்பான், எல்லாவற்றுக்கும் மேலே ரவை. ரவையின் எண் உயர்ந்தால் ரவை சிறுத்து எண்ணிக்கை பெருகும். சிறு பிராணிகளுக்கென விற்கப்படும் 6ஆம் எண் ரவை, ஆங்கிலேயர் அளவைப்படி 30 கிராம் எடையில் ஏறக்குறைய 287 இருக்கும். காட்டுப்பன்றிக்கெனப் பயன்படும் எஸ்.ஜி. தோட்டாவில் அதே எடைக்குப் பெரிய குண்டுகள் ஏறக்குறைய 9 மட்டுமே.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். பள்ளிக்கூடக் கணக்கென்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டா. இதில்தான் விஷயம் அடங்கியிருக்கின்றது.

குழலின் வாய்ப்புறம் சிறிது ஒடுங்கியிருப்பதை ‘சோக்’ என்பர். ஒடுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்தாலும் ரவை பரவும் விதம் பெரிதும் மாறிவிடும். 40 கஜத்தில், அதாவது சுமார் 36.5 மீட்டரில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை ரவை விழுகின்றது என்பதே ஒடுக்கத்தை அளக்கும் முறை. ஒடுக்கமே இல்லாத குழலுக்கு நூற்றுக்கு 40. பாதி ஒடுக்கத்துக்கு 60. முழு ஒடுக்கத்துக்கு 70 என்று பொதுவாகக் கொள்வர்.

பாதி ஒடுக்கமுள்ள துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 287 ரவையில் 172 வட்டத்துக்குள் விழும். வட்டத்தின் பரப்பு சுமார் 4,560 சதுர சென்டிமீட்டர். பங்கிட்டுப் பார்த்தால் 26 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ரவை. வாலை நீக்கிவிட்டால், நம் அணிலின் உடல் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்ளலாம்; 75 சதுர சென்டிமீட்டர். ஆகவே குறி சரியாக இருந்தாலும் அணில்மேல் படக்கூடியவை மூன்று ரவைகளே. ஒடுக்கமில்லாத குழலாயின் இரண்டே. இது சராசரி, ரவை சீராக விழுவதில்லையாதலால் சில வேளைகளில் ஒன்றுகூடப் படாது. ஒரே ஒரு ரவை காலிலோ வயிற்றிலோ பட்ட அணில் மரப்பொந்துக்குள் ஓடி நாள்கணக்கில் துன்புற்றுச் சாகும். இதனை வேட்டை என்று நாம் சொல்ல மாட்டோம்.

மூன்று ரவை அணில்மேல் பட்டது. எஞ்சிய 284 எங்கே போயின? சுடுபவர் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. ஆனால், அடுத்த நிரையில் நின்று பால் வெட்டுபவருக்கு உயிர்நாடியான கேள்வி. 6ஆம் எண் ரவை அதிகமாகப் போனால் சுமார் 200 மீட்டர் போகும். அவ்வளவு தொலைவில் அதன் வேகம் தளர்ந்திருக்கும். எனினும் கண்ணில் பட்டால் பார்வை போகும். எஸ்.ஜி. குண்டோ 600 மீட்டருக்கும் அப்பால் போகும்.

“அணில் இருப்பது மரத்தின் மேலன்றோ? வானத்தை நோக்கித்தானே சுடுகின்றோம்” என்பார் உண்டு. இதுவும் கணக்கில் நிற்காது. 20 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் 8 மீட்டர் உயரத்தில் அணில் இருப்பதாகக் கொள்வோம். நிற்பவரின் தோளிலிருந்து அதனைக் குறிபார்த்தால் குழல் 18 பாகை அளவே மேல்நோக்கியிருக்கும். ரவை வெகுதூரம் போவதற்கு ஏற்ற சாய்வை ஒட்டியே இஃது அமைகின்றது. ஆக, அவர் வானத்தை நோக்கிச் சுடவில்லை. கிளைக்கு அப்பால் 200 மீட்டர் வரை உள்ள அனைத்தையும் நோக்கிச் சுடுகின்றார். நேர் செங்குத்தாகச் சுட்டால் மட்டுமே ரவை வேகமிழந்து தகரக் கூரைமேல் மழைத்துளி போலச் சடசடவென்று விழும்.

அந்த 200 மீட்டரில் முன்பு என்ன இருந்தது, இன்று என்ன இருக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின்மேல் எழுந்த நகரம். ஷா ஆலாம் நகரமும் தோட்ட நிலத்தில் உருவானதே. கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் தோட்டங்களின் எல்லையில் இன்று வேலிக்கு அப்பால் வீடமைப்புத் திட்டமும் பள்ளிக்கூடமும் நெடுஞ்சாலையும் நிற்கின்றன. தந்தை காலத்தில் வெறும் காடாக இருந்த திசை, மகன் காலத்தில் ஒரு குடும்பத்தின் படுக்கையறையாக இருக்கலாம்.

குறியைச் சோதிக்கும் முறை

துப்பாக்கி வாங்கியவர் பலர் அதனைத் துடைத்து எண்ணெய் பூசுவதில் காட்டும் அக்கறையில் கால்பங்கைக்கூட, அஃது எங்கே சுடுகின்றது என்பதை அறிவதில் காட்டுவதில்லை. குழலை நீட்டிய திசையில் ரவை போகும் என்று நம்பிவிடுகின்றனர். ரவைத் துப்பாக்கியில் பின்குறி இல்லை. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் விதத்தில் ஒரு விரற்கடை மாறினாலும் ரவை விழும் இடம் மாறும். தலையைச் சற்றே தூக்கினால் ரவை மேலே போகும். அடிக்கட்டை ஒருவருடைய தோளுக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருந்தாலும் பிழை நேரும். ஆகவே நண்பருக்குச் சரியாகச் சுடும் துப்பாக்கி நமக்குச் சரியாகச் சுடும் என்று சொல்வதற்கில்லை.

சோதனையைத் தோட்டத்தின் மூலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. உரிமம் பெற்ற சுடுதிடலில், அங்குள்ள பொறுப்பாளரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். நம் பகுதியில் சுபாங்கில் அத்தகைய திடல் இருக்கின்றது. 2017ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கே நடைபெற்றன.

குழலுக்குள் பார்ப்பது முதல் வேலை. துப்பாக்கியை மடக்கி, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்தை நோக்கிக் குழலின் வழியே பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் சில வாரங்கள் சும்மா கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது அதிசயமன்று. மண்ணோ துணியோ அடைத்திருக்கச் சுட்டால் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும். இன்னொரு கேடும் உண்டு. 20ஆம் எண் தோட்டாவைத் தவறுதலாக 12ஆம் எண் குழலில் இட்டால் அஃது உள்ளே வழுக்கிச் சென்று நடுவில் நின்றுவிடும். குழல் காலி என்று எண்ணி அதன்பின் 12ஆம் எண் தோட்டாவை இட்டுச் சுட்டால் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை. இதனாலேயே 20ஆம் எண் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கின்றனர். இருவகைத் தோட்டாக்களும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

அடுத்தது குறியின் மையம். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குறையாத தாளை நிறுத்தி நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இட வேண்டும். 15 மீட்டர் தூரத்தில் நின்று, வேட்டையில் எவ்வாறு தோளுக்குக் கொண்டுவருவாரோ அவ்வாறே கொண்டுவந்து சுட வேண்டும். நெடுநேரம் மூச்சடக்கிக் குறிபார்த்துச் சுடுவது இச்சோதனைக்குப் பயன்படாது. ஐந்து முறை சுட்டபின், ரவை அடர்ந்து விழுந்த இடத்தின் நடுப்புள்ளியைக் கண்டு, கறுப்புப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றது என்று அளக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் விலகல் சிறிதெனத் தோன்றலாம். ஆனால், அதே விலகல் 36.5 மீட்டரில் 24 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது அணில் இருப்பது ரவை மெலிந்து விழும் ஓரப்பகுதியிலே. ஐந்து தாளிலும் ஒரே திசையில் விலகியிருந்தால் குறை துப்பாக்கியின் பொருத்தத்திலோ நிற்கும் முறையிலோ இருக்கும். அடிக்கட்டையைத் திருத்தும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு திசையில் விலகியிருந்தால் குறை சுடுபவரிடம். வெடியோசைக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுக்கின்றார் என்று பொருள்.

பின்னர் அடர்த்தி. 40 கஜத்தில் புதிய தாளை நிறுத்திச் சுட்டு, ரவை அடர்ந்த பகுதியை நடுவாகக் கொண்டு 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைய வேண்டும். ஆணியும் கயிறும் கரித்துண்டும் போதும். வட்டத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பங்கிலும் துளைகளை எண்ணினால் பிழை வராது. எண்ணிய துளைகளை மைக்கோலால் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தாள் போதாது. மூன்று முதல் ஐந்து தாள்களின் சராசரியே நம்பத்தக்கது. ஒரு நிறுவனத்தின் தோட்டாவுக்குக் கிடைக்கும் எண் மற்றொன்றுக்குக் கிடைக்காது. எனவே தோட்டாவை மாற்றினால் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். எண்ணும்போது, வட்டத்துக்குள் அணிலின் உடலளவுக்குச் சிறு அட்டை ஒன்றை வெட்டி அங்கங்கே வைத்துப் பாருங்கள். மூன்று ரவைக்குக் குறைவாகப் பட்ட இடங்கள் பலவாக இருந்தால், அத்துப்பாக்கிக்கு அத்தூரம் கூடாது. 30 மீட்டருக்கு, தேவையானால் 25 மீட்டருக்கு, நெருங்கி வந்து மீண்டும் சோதிக்க வேண்டும். தமக்கு உரிய எல்லை எது என்பதை ஒவ்வொருவரும் இவ்வாறே கண்டறிய இயலும். கண்டறிந்தபின் அந்த எல்லைக்கு அப்பால் உள்ள அணிலை விட்டுவிட வேண்டும். நம் பார்வையில், முழுச் சோதனையில் மிகுந்த பயன் தருவது இந்த அட்டைத் துண்டுதான்.

சுட்ட அணிலை உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரவை ஈயத்தால் ஆனது. உடலுக்குள் சேரும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். ரவை துளைத்த சதையைச் சுற்றிலும் அகலமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனைக் கொடுக்காதிருப்பதே நன்று.

சட்டம் கடுமையாக இருப்பது ஏன்?

துப்பாக்கியைப் பற்றிய நம் நாட்டுச் சட்டம் பிற நாட்டுச் சட்டங்களைக் காட்டிலும் கடுமையானது. இதற்குத் தோட்டங்களின் வரலாறே காரணம் எனலாம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. அவசரகாலம் முடிவுற்ற ஆண்டிலேயே இயற்றப்பட்டது 1960ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டம். உரிமம் இல்லாமல் சுடுகருவியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது விதிக்கின்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன்கீழ்ச் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

உரிமம் வழங்குபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். உரிமம் ஆளுக்கு உரியது. துப்பாக்கியோடு சேர்ந்து கைமாறுவதன்று. அண்ணன் துப்பாக்கியைத் தம்பி ஒரு மாலைப்பொழுதுக்கு எடுத்துச் செல்வதும் குற்றமே. தந்தை காலமானால் அவருடைய துப்பாக்கியைப் பரணில் வைத்துவிடாமல் உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி சுடுகருவியே என்பது பலருக்குத் தெரியாது. விளையாட்டுப் பொருள் என்று எண்ணிப் பையன்களுக்கு வாங்கித் தருபவர், அவர்களுக்கு ஒரு குற்ற வழக்கையும் சேர்த்து வாங்கித் தருகின்றார். இரும்புக் குழாயைக் கொண்டு தாமே செய்துகொள்ளும் துப்பாக்கிக்கும் இதே கதி.

துப்பாக்கிக்கு உரிமம் இருந்துவிட்டால் வேட்டைக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதக் கூடாது. அது தனிச் சட்டம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பத்தில் இப்போது நடப்பில் உள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் தண்டனைகளை உயர்த்தியது. எந்தப் பிராணி எந்தப் பட்டியலில் இருக்கின்றது என்பதைப் பொறுத்தே குற்றத்தின் அளவு அமையும். மரக்கிளையில் அசையும் ஒன்று சாதாரண அணிலா, உருவில் பெரிய காட்டணிலா, நீண்ட மூக்குடைய அந்த மற்றத் துப்பாயா என்பதை இலைமறைவில் கண்டறியாமல் சுடுபவர், நீதிமன்றத்தில் “அணில் என்று நினைத்தேன்” என்று சொல்லிப் பயனில்லை.

இரவு வேட்டையைக் குறித்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சாதாரண அணில் பகலில் மட்டுமே நடமாடுவது. இருட்டில் விளக்குடன் துப்பாக்கி ஏந்தி வருபவர் “அணில் சுட வந்தேன்” என்றால் அஃது உண்மையாக இருக்க முடியாது. அவர் பன்றிக்கோ, பறக்கும் அணிலுக்கோ, புனுகுப்பூனைக்கோ வந்திருப்பார். அவருடைய குழலில் பெரிய குண்டே இருக்கக்கூடும். விளக்கொளியில் மின்னும் கண்ணைப் பார்த்துச் சுடுவது இவர்கள் வழக்கம். விடியும் முன் நெற்றி விளக்குடன் நிரையில் இறங்கும் நம் பெண்டிரும் ஆடவரும் இவர்கள் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுவர் என்பதை எண்ணினாலே நெஞ்சு பதறுகின்றது. மனிதரை விலங்கென்று கருதிச் சுட்டுவிட்ட செய்திகள் நம் பத்திரிகைகளில் வராத காலம் இல்லை.

வேட்டொலி கேட்டால் பால் வெட்டுவோர் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு, ஒலி வந்த திசைக்கு எதிர்ப்புறமாக நிரையை விட்டு விலக வேண்டும். உடனே தண்டலிடம் சொல்ல வேண்டும். நிருவாகத்தின் அனுமதி பெற்ற வேட்டையாயின் அதன் நாளும் நேரமும் காட்டின் எண்ணும் முதல்நாள் பெரட்டிலேயே அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இது மிகையான கோரிக்கை அன்று. கிள்ளான் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பிச் செடியின் புழுக்களை ஒழிப்பதற்கென இலங்கையிலிருந்து காக்கைகளைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தனர் தோட்டத் துரைமார். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது; காக்கை மட்டும் பல்கிப் பெருகி நகரத்துக்கே தொல்லையாயிற்று. பிற்காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு அவற்றைச் சுடும் பணியை நகராண்மைக் கழகமே மேற்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊராட்சி மன்றங்கள் இத்தகைய பணிக்கு முன் இடத்தையும் நேரத்தையும் குடியிருப்பாளருக்கு அறிவித்து, அவ்விடத்தை அணுகாதிருக்கச் சொல்வது வழக்கம். நகரத்தாருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு தோட்டத்தாருக்கும் கிடைக்க வேண்டுமன்றோ!

துப்பாக்கி இன்றியும் அணிலைத் தடுக்கலாம். தென்னையின் அடிமரத்தில் ஆளுயரத்துக்கு மேலே வழவழப்பான தகரத்தை முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் சுற்றி அடித்தால் எலியும் அணிலும் ஏற இயலாது. ஆனால் பக்கத்து மரத்தின் மட்டை உரசிக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை. அணில் மட்டை வழியே தாவி வந்துவிடும். தனித்து நிற்கும் மரத்துக்கே இது பொருந்தும். பழுத்த காயை மரத்தில் விட்டுவைக்காமல் அடிக்கடி பறிப்பது கொக்கோவுக்கும் லயத்து வாழைக்கும் நல்ல காப்பு. பொறி வைப்பதானாலும் வனவிலங்குத் துறையைக் கேட்டுக்கொண்டே வைக்க வேண்டும்.

பயிர்ச்சேதம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், பெர்ஹிலித்தான் என வழங்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் முறையிடலாம். அதன் தலைமையகம் கோலாலம்பூரில் ஜாலான் செராஸ் பத்தாவது கிலோமீட்டரில் உள்ளது. மாநில அலுவலகங்களும் உண்டு. முறையிடும்போது சேதமான காய்களின் எண்ணிக்கை, நாள்கள், காட்டின் எண் ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பது உதவியாக இருக்கும். முன்னர்ச் சொன்ன சுண்ணாம்புப் புள்ளிக் கணக்கு இவ்விடத்தில் கைகொடுக்கும். அனுமதியின்றித் துப்பாக்கியுடன் தோட்டத்துக்குள் வருபவரைக் கண்டால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ வாகன எண்ணுடன் தெரிவியுங்கள். அவரைத் தடுத்து நிறுத்த நீங்களே முற்பட வேண்டா.

சுட்டபின் விழும் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்துச் செல்வதும் சுடுபவரின் கடமை. தோட்டத்து மாடுகள் புல்லோடு சேர்த்து அவற்றை மேய்ந்துவிடும். பையன்கள் அவற்றைப் பொறுக்கி ஊதல் செய்து விளையாடுவதையும் பார்க்கின்றோம். வெடிக்காத தோட்டா ஒன்று அவற்றுள் கலந்திருக்கக்கூடும். அத்தகையதைக் கண்டால் தொடாமல், அருகே ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.